சிறுநீரக ரத்தக்குழாய் வீக்கம்: 3 செ.மீ. ஆகும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 28 வயது. கல்யாணமாகி எட்டு மாதம். வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில், வலது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் 1.8 செ.மீ. அளவுக்கு வீக்கம், ‘அனியூரிசம்’ என்று வந்திருக்கிறது. “3 செ.மீ. ஆனால் பார்த்துக்கலாம்” என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் உடனே ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தாராபுரம்

பதில்: கல்யாணமாகி எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மணி, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 3 செ.மீ. கணக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாத மற்றவர்களுக்கு. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வீக்கம் எந்த அளவில் இருந்தாலும் சரிசெய்துவிடலாம் என்றுதான் அமெரிக்க ரத்தநாள அறுவை சிகிச்சையாளர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. கர்ப்பகாலத்தில் அது வெடித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. உங்கள் தங்கையைக் காத்திருக்கச் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் ஸ்டென்ட்தானா என்பது வேறு கேள்வி. காங்கேயத்திலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர், தன் மனைவியின் சி.டி. படத்தைப் பார்த்ததும், “மோட்டார் ஹோஸ் பொடைச்ச மாதிரியே இருக்குதுங்க டாக்டர்” என்றார். அதேதான். பொடைப்பு நேரான இடத்தில் இருந்தால், தொடை இடுக்கில் ஊசித்துளை போட்டு, கம்பி வழியே உறை போர்த்திய ஸ்டென்ட்டைக் கொண்டுபோய் விரித்துவிடலாம். ரத்தம் உறைக்குள்ளேயே ஓடும். வெளியே பொடைப்பில் தேங்கியது உறைந்துவிடும். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் பொடைப்பு வருவது குழாய் கிளை பிரியும் கவையில். அங்கே உறை ஸ்டென்ட் வைத்தால் ஒரு கிளையின் வாய் அடைபடும். அந்தக் கிளையை நம்பியிருக்கும் சிறுநீரகப் பகுதி செத்துப்போகும். அப்போது காயில் எனும் சுருள்கம்பியால் பொடைப்பை நிரப்புவதா, திறந்து ஆபரேஷன் செய்வதா என்று யோசிக்க வேண்டும். அதனால் சி.டி. ஆஞ்சியோ படத்தைக் காட்டி, “கவையிலயா, நேர்க்குழாயிலயா?” என்று முதலில் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன் கர்ப்பப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட வேண்டும். ஸ்டென்ட் வைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சில மாதம் ஓடும். குழந்தைக்கு எப்போது முயலலாம் என்பதை அந்த டாக்டரிடமே பேசி வையுங்கள். உங்கள் தங்கை பிரஷருக்கு டெல்மிசார்டன் மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். கர்ப்பத்துக்கு அது ஆகாது. தானாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி இப்போதே மாற்றிக்கொள்ளட்டும்.