வீட்டுப் பண்ணை கேள்வி–பதில்: அறுக்க ஐந்து நிமிடம், மற்ற வேலை யாருக்கு?

கேள்வி: வீட்டில் இருபது ஊர்க்கோழி நிற்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் இரண்டைக் கறிக்கு எடுப்போம். கணவர் கழுத்தை அறுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். இறகு பிடுங்குவதிலிருந்து முற்றம் கழுவுவது வரை நான்தான். கேட்டால், "நான் அறுக்கிறேன், நீ துப்பரவாக்குகிறாய், பாதிப்பாதிதானே" என்கிறார். தோலும் அடிக்கடி கிழிந்துபோகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, செங்கலடி

பதில்: அது பாதி இல்லை, சகோதரி. மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள். இரண்டு கோழியை அறுத்து இரத்தம் வடிய விட பத்து நிமிடம். இறகு பிடுங்க அரை மணித்தியாலம். குடல் எடுக்க இருபது நிமிடம், துண்டு போட இன்னொரு இருபது, கத்தி, பலகை, வாளி, முற்றம் எல்லாம் கழுவிக் கழிவைப் புதைக்க மேலும் இருபது. கை பழகியவர்களுக்கே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும் வேலை. அதில் உங்கள் கணவர் செய்வது பத்து நிமிடம்.

வேலையை "அறுப்பு, துப்பரவு" என்று பிரிக்காமல் "அழுக்குக் கை, சுத்தக் கை" என்று பிரியுங்கள். நீதி ஒருபுறம் இருக்கட்டும், இதற்குச் சுகாதாரக் காரணமும் உண்டு. கோழியின் குடலிலும் இறகிலும் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் என்ற கிருமிகள் இருக்கும். குடல் எடுத்த அதே கையால் துண்டு போட்டால் அவை இறைச்சிக்கு வந்துவிடும். ஆகவே அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது, கழிவைப் புதைப்பது ஒருவருக்கு. தண்ணீர் கொதிக்க வைப்பது, கடைசிக் கழுவல், துண்டு போடுவது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, கத்தியும் பலகையும் கழுவுவது மற்றவருக்கு. அடுத்த தடவை இடம் மாறுங்கள். அறுக்க மனம் ஒப்பாதவரை வற்புறுத்த வேண்டாம். தயங்கும் கை கோழிக்குத்தான் வேதனை. அவர் அழுக்குப் பக்கத்தில் இறகு பிடுங்குவதிலிருந்து தொடங்கட்டும்.

இனித் தோல் கிழியும் கதை. அது தண்ணீர்ச் சூட்டில் வரும் பிழை. கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் தோல் வெந்து, நெஞ்சுப் பக்கம் இறகோடு உரிந்து வரும். ஆறின தண்ணீரென்றால் இறகு வேரோடு வராமல் முறியும். வேண்டியது 60 முதல் 65 பாகை செல்சியஸ். வெப்பமானி தேவையில்லை: 4 லீற்றர் கொதிதண்ணீருக்கு 4 லீற்றர் கிணற்றுத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடுதான் வரும். சருவம் வேண்டாம், ஆழமான வாளியில் கலவுங்கள். காலைப் பிடித்துக் கோழி முழுவதையும் அமிழ்த்தி, தண்ணீர் இறகின் அடிக்குப் போகும்படி மேலும் கீழும் அசையுங்கள். முக்கால் நிமிடம் போனதும் செட்டையின் பெரிய இறகொன்றை இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும். முற்றின கோழிக்கு ஒன்றரை நிமிடம் வரை பிடிக்கும். இரண்டாவது கோழிக்கு முன் இன்னும் ஒரு லீற்றர் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். செட்டை, வால் இறகை முதலில் பிடுங்கினால் சூடு ஆறுமுன் கடினமானது முடிந்துவிடும். மிஞ்சும் பூமயிரை மஞ்சள் பூசி ஓலை நெருப்பில் வாட்டினால் போய்விடும்.

முதல்நாள் இரவே தீனை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் போதும். தீன்பை நிறைந்த கோழியில் குடல் எடுக்கும்போதுதான் எல்லாம் கிழிந்து நாறும்.

குடல் எடுக்கும் ஒழுங்கு இது: வாலடியில் இருக்கும் மஞ்சள் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். கழுத்தடியில் தோலைக் கீறித் தீன்பையைச் சுற்றிவரக் கழற்றி விடுங்கள். பிறகு பின்துவாரத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மேலோட்டமாக மட்டும் கீறி, துவாரத்தைச் சுற்றி வெட்டுங்கள். நெஞ்செலும்பை ஒட்டியபடி கையை உள்ளே விட்டு, கல் அரைக்கும் தடித்த பையைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் கூடவே வரும். ஈரலோடு ஒட்டிய பச்சைப் பித்தப்பையை, ஈரலிலும் சிறு துண்டு சேர்த்து வெட்டி எடுங்கள். அதைத் தனியாக இழுத்தால் உடைந்துவிடும். உடைந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் கைப்பு பரவும். பச்சை பட்ட இடத்தை வெட்டி எறிந்து, உடனே தண்ணீர் ஓட விடுங்கள். விலா எலும்பில் ஒட்டியிருக்கும் சுவாசப்பையை விரலால் சுரண்ட மறக்க வேண்டாம்.

கோழியை அறுத்த கையோடு உறைபெட்டியில் போட்டால் இறைச்சி இறுகிவிடும். ஐந்தாறு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, விறைப்பு தளர்ந்த பிறகு உறைய வையுங்கள்.

கேள்வி: கணவர் கட்டாரில். கோழி அறுக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுப் பெடியனைத் தேட வேண்டியிருக்கிறது. பெண் அறுத்தால் ஹலால் ஆகாது என்கிறார் மாமி. உண்மையா?
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இல்லை. முஸ்லிம் பெண் பிஸ்மி சொல்லி முறையாக அறுத்தது ஹலால். எங்கள் பகுதியில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட வழி) உட்பட நான்கு மத்ஹபுகளிலும் இதுதான் நிலை. மாதவிடாய்க் காலமும் தடையில்லை. மதீனாவில் ஸல்உ மலைப் பக்கம் நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் அவர்களின் ஆடுகளை மேய்த்த பெண்ணொருவர், சாகக் கிடந்த ஆட்டைக் கூர்க்கல்லால் அறுத்தார். அதை உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. இதை மாமிக்கு மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

தனியே அறுக்கும்போது இரண்டு செட்டையையும் முதுகுப் பக்கம் சேர்த்து, கால்களோடு இடது பாதத்தின் கீழ் பிடியுங்கள். நெரிக்கக் கூடாது, அசையாமல் இருந்தால் போதும். இடது கையால் தலையைப் பிடித்துக் கழுத்தை நீட்டி, தாடைக்குக் கீழே மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இருபக்க இரத்தக் குழாய் எல்லாம் வெட்டுப்பட அறுக்க வேண்டும். கழுத்தெலும்பு வரை போகத் தேவையில்லை. கத்தி மழுங்கியிருந்தால் இழுத்து இழுத்து அறுக்க வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் கல்லில் தீட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் இரத்தம் வடியட்டும். முற்றாக அசைவு நின்ற பிறகே சுடுதண்ணீர்.

கேள்வி: வீட்டு விருந்துக்கு 20 கிலோக் கிடாய் ஒன்று. மனுசியும் நானும் மட்டும்தான். போன தடவை இறைச்சியெல்லாம் கிடாய் வாடை. எங்கே பிழை?
— வாசகர், வெல்லாவெளி

பதில்: மயிர் பிடித்த கை இறைச்சியில் பட்டிருக்கும். கிடாயின் வாடைச் சுரப்பி கொம்படிக்குப் பின்னால் இருக்கிறது, அந்த எண்ணெய் மயிரெல்லாம் பரவியிருக்கும். இருவர் இருப்பது இங்கே பெரிய வசதி: ஒருவர் தோலின் மயிர்ப் பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்கட்டும், மற்றவர் இறைச்சிப் பக்கத்தில் மட்டும் கை வைக்கட்டும். உரித்து முடியும் வரை மாற வேண்டாம்.

முதல்நாள் பகலிலிருந்து தீன் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். வெயில் ஏறுமுன், விடியவே தொடங்குங்கள். அறுத்ததும் பின்னங்கால் எலும்புக்கும் நரம்புக்கும் இடையே கீறிக் கயிறு கோத்து மரக்கிளையில் தலைகீழாகத் தூக்குங்கள். தூக்குவது இருவர் வேலை. ஒருவர் தாங்க, ஒருவர் கட்ட வேண்டும். காலின் உட்பக்கமும் நடுவயிறும் கத்தியால் கீறிய பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைமுட்டியை உள்ளே தள்ளித் தோலைப் பிரியுங்கள். உடல் சூடாக இருக்கும்போதுதான் தோல் லேசாகக் கழறும்.

வயிற்றைத் திறக்குமுன் கழுத்தில் உணவுக்குழாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பின்துவாரத்தைச் சுற்றி வெட்டி அதையும் கட்டுங்கள். ஒருவர் கீழே பெரிய சருவத்தோடு நிற்க, மற்றவர் இரண்டு விரலைக் கத்தி முனைக்கு உட்புறமாக வைத்து, மேலிருந்து கீழே கீற வேண்டும். பெருவயிறு ஓட்டையானால் இறைச்சி முழுக்க நாறும். அறுத்து அரை மணித்தியாலத்துக்குள் குடல் வெளியே வரவேண்டும், பிந்தினால் வயிறு ஊதிக்கொண்டு வரும்.

ஈரலையும் சுவாசப்பையையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தால் அந்த உறுப்பை நாய்க்குப் போடவே கூடாது. நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை உங்கள் பிள்ளைகளுக்கே திரும்பி வரும். ஆழப் புதையுங்கள். உடலில் வேறு மாற்றம் கண்டால் மிருக வைத்தியரிடம் காட்டாமல் சமைக்க வேண்டாம். குடற்புழு மருந்தோ ஊசியோ போட்டிருந்தால் அறுக்குமுன் மருந்துச் சீட்டில் எழுதிய காத்திருப்பு நாட்கணக்கு கழிந்திருக்க வேண்டும்.

20 கிலோக் கிடாயில் எலும்போடு ஒன்பது, பத்துக் கிலோ கிடைக்கும். ஆடு என்பதால் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு 1893ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆட்டு வேலை செய்யலாமா?
— வாசகி, கிரான்

பதில்: வேண்டாம். ஆடு குட்டி போடும் இடத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் கிட்டவே போகாதீர்கள். புரூசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் போன்றவை அங்கிருந்து தொற்றிக் கருவைப் பாதிக்கலாம். அறுப்பு, குடல், பச்சை இறைச்சி மூன்றையும் பிள்ளை பிறக்கும் வரை கணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கணக்கு எழுதுங்கள், உட்கார்ந்து முட்டை தரம் பிரியுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: எங்கள் வளவு வெறும் மணல். கழிவைப் புதைத்தால் நாய் கிளறுகிறது, மாரியில் குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. யார் புதைப்பது என்று வீட்டில் சண்டை.
— வாசகர், நாவலடி

பதில்: வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே குழி தோண்டினால் கழிவு நீர் கிணற்றுக்குத்தான் போகும். குழியை விட்டுவிட்டு, நிலத்துக்கு மேலே உமிக் குவியல் செய்யுங்கள். கிணற்றிலிருந்து நூறு அடியாவது தள்ளி, நான்கு பக்கமும் கம்பிவலை அடித்து, அடியில் ஒரு அடி உயரத்துக்கு உமி அல்லது மரத்தூள் போடுங்கள். குடல், இறகு, உமியில் ஊற வைத்த இரத்தம் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஓரத்தில் ஒரு அடி இடைவெளி விட்டு, மேலே மறுபடி ஒரு அடி உமி. மழைக்குத் தகரம் ஒன்று சாய்த்து வையுங்கள். நாற்றம் வந்தால் உமி போதாது என்று அர்த்தம். குடல் இரண்டு மூன்று மாதத்தில் உக்கிவிடும், இறகுக்கு இன்னும் காலம் பிடிக்கும். உக்கியது தென்னைக்கு நல்ல பசளை.

இந்த முறையில் தோண்டும் வேலையே இல்லை. அழுக்குக் கை யாருடையதோ அவரே அன்றைக்கே கொட்டி மூடிவிட வேண்டும். உமி மூட்டை தீராமல் பார்ப்பது மற்றவர் பொறுப்பு.