பாடகர் கட்டுரையில் எது நிற்கும், எது நிற்காது: கேள்வி பதில்

விக்கிப்பீடியாவில் பாப் பாடகர்களின் வாழ்க்கைக் கட்டுரைகளைத் தொகுப்பவர்களும், தொகுத்து அடி வாங்கியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஆங்கில விக்கியின் விதிகளை வைத்தே பதில் சொல்கிறேன். "என் தொகுப்பை நீக்கியவரைத் தடை செய்யுங்கள்" என்று எழுதியவர்கள் மன்னிக்கவும், அது என் வேலை இல்லை.

கே: மரையா கேரி பிறந்தது 1969ஆ, 1970ஆ? நான் 1970 என்று மாற்றினேன், கொஞ்ச நேரத்திலேயே பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

இந்த அமெரிக்கப் பாடகியின் ஒரே ஓர் இலக்கத்துக்காகப் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பக்கம்) நடந்திருக்கும் சண்டைக்கு அளவே இல்லை. மார்ச் 27 என்பதில் தகராறு கிடையாது. ஆண்டு மட்டும்தான். நம்பத்தக்க வெளியீடுகளிலேயே சிலவற்றில் 1969 இருக்கிறது, சிலவற்றில் 1970 இருக்கிறது. அவரோ, எனக்குப் பிறந்தநாளே கிடையாது, ஆண்டுவிழாதான் என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

இப்படிப்பட்ட இடத்தில் தொகுப்பாளரின் வேலை தீர்ப்புச் சொல்வது இல்லை. எந்த ஆண்டுக்கு வலுவான சான்றுகள் கூடுதலாக இருக்கின்றனவோ அதை முதலில் எழுதி, மற்றது எங்கே வந்திருக்கிறது என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். "பள்ளி முடித்த ஆண்டிலிருந்து கழித்துப் பார்த்தேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஒரு வகுப்பில் எல்லோரும் ஒரே வயதில் இருப்பதில்லை; அந்தக் கழித்தலுக்குள் உங்கள் ஊகமும் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பெயர் சொந்த ஆய்வு. நீங்கள் கண்டுபிடித்தது சரியாகவே இருக்கலாம், ஆனால் முதலில் வேறு யாராவது அதை வெளியிட வேண்டும்.

நீங்கள் மாற்றும்போது சான்று எதுவும் தரவில்லை, என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும் சுருக்கக் குறிப்பில் "சரிசெய்தேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தாலும் நீக்கியிருப்பேன்.

கே: ஒரு பாடகியின் பிறப்புச் சான்றிதழ் நகலே என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய சான்று உண்டா?

கூடவே கூடாது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளில் பிறந்த தேதி, வீட்டு மதிப்பு போன்ற சொந்த விவரங்கள் உள்ள அரசு ஆவணங்களைச் சான்றாக வைக்க விதி இடம் தருவதில்லை. நீதிமன்ற ஆவணங்களும் அப்படியே. பெயர் ஒற்றுமையால் வேறொருவருடைய ஆவணம் கைக்கு வரலாம், அப்புறம் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது. நகலை எங்கும் பதிவேற்றிவிடாதீர்கள்.

கே: பாடகரே தன் சமூக ஊடகக் கணக்கில் எழுதியதை எடுக்கலாமா?

தன்னைப் பற்றிய சாதாரணத் தகவல் என்றால், கணக்கு அவருடையதுதான் என்பதும் உறுதி என்றால், எடுக்கலாம். "உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் என்னுடையது" போன்ற தற்புகழ்ச்சியை எடுக்க முடியாது. இன்னொருவரைப் பற்றி அவர் சொன்னதையும் எடுக்க முடியாது.

கே: செய்தித்தாளிலேயே வந்துவிட்டது, இன்னும் ஏன் நீக்குகிறீர்கள்?

அந்தச் செய்தியாளர் எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தீர்களா? இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விக்கியைப் பார்த்து எழுதிய செய்தியை விக்கிக்கே சான்றாக வைக்காதீர்கள்.

பிரிட்டனில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்தவர் ரோனி ஹேசல்ஹர்ஸ்ட். 2007 அக்டோபரில் இறந்தார். எஸ் கிளப் 7 என்ற பாப் குழுவின் 'ரீச்' பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்று யாரோ குறும்புக்காக அவருடைய கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருந்தார். பிபிசி, கார்டியன் போன்ற பெரிய இடங்களின் இரங்கல் குறிப்புகளிலேயே அந்த வரி ஏறிவிட்டது. உண்மையில் பாட்டை எழுதியவர்கள் கேத்தி டென்னிசும் ஆண்ட்ரூ டாடும். இப்போது யோசியுங்கள்: அந்த இரங்கல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து, "இதோ சான்று" என்று அதே வரியைத் திரும்பச் சேர்த்தால் எப்படித் தடுப்பீர்கள்?

செய்தி வெளியான தேதியையும், கட்டுரை வரலாற்றில் அந்த வரி முதலில் நுழைந்த தேதியையும் ஒப்பிடுங்கள். வரி முன்னால், செய்தி பின்னால் என்றால் சந்தேகப்படுங்கள்.

கே: எங்கள் பாடகர் 20 கோடி பிரதிகள் விற்றவர். ரசிகர் தளத்தில் கணக்கோடு இருக்கிறது. ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள்?

விற்பனை எண் என்று எல்லோரும் சொல்வது பல நேரம் விற்பனையே இல்லை. அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. தரும் சான்றிதழில் 5 லட்சம் அலகு என்றால் தங்கம், 10 லட்சம் என்றால் பிளாட்டினம், 1 கோடி என்றால் வைரம். இந்தக் கணக்கு கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை வைத்து வந்தது. 2016 முதல் ஆல்பக் கணக்கில் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தது, 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம். இரட்டைத் தட்டு ஆல்பம் போதிய நீளம் இருந்தால் ஒவ்வொரு தட்டும் தனி அலகு. மைக்கேல் ஜாக்சனின் 'ஹிஸ்டரி' அப்படிப்பட்ட இரட்டைத் தட்டு ஆல்பம்; அதற்கு அங்கே 8 பிளாட்டினம் கிடைத்தபோது, அனுப்பப்பட்டவை 40 லட்சம் பெட்டிகள்தான். 80 லட்சம் பேர் வாங்கினார்கள் என்று ஒருவர் எழுதிவிட்டால் முடிந்தது.

கே: (அதே ரசிகர்) சான்றிதழுக்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் நிறுவனம் பல வருடமாக விண்ணப்பிக்கவே இல்லை. அப்படியானால் உங்கள் கணக்கில்தான் ஓட்டை?

நல்ல வாதம். நிறுவனம் கேட்டு, கட்டணம் கட்டித் தணிக்கை நடந்தால்தான் சான்றிதழ் வரும். ஆகவே சான்றிதழ்களின் கூட்டுத்தொகை உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைவு? அதை ரசிகர் தளம் நிரப்புவதை ஏற்க முடியாது. அதனால்தான் அதிகம் விற்ற கலைஞர்களின் பட்டியலில், சொல்லப்படும் எண்ணில் ஒரு குறிப்பிட்ட பங்குக்காவது சான்றிதழ் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

கே: (மறுபடியும்) அந்தப் பங்கை முடிவு செய்தது யார்? உங்களைப் போன்ற நாலு பேர்தானே?

ஆமாம், பேச்சுப் பக்கத்தில் வாதாடி எட்டிய இணக்கம். மாற்ற வேண்டும் என்றால் அங்கேயே வாருங்கள், மற்ற பாடகர்களின் ரசிகர்களும் காத்திருப்பார்கள். எண்ணை உயர்த்திக்கொண்டே போனால் அவர்களும் உயர்த்துவார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கே: எங்கள் பாடகரும் இருபது கோடி...

மேலே பாருங்கள்.

கே: கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் தகவல்பெட்டியில் இசைவகையை "பாப்" என்பதிலிருந்து "ஆர் அண்ட் பி" என்று மாற்றலாமா?

விமர்சகர்கள் அப்படி எழுதியிருந்தால், பேச்சுப் பக்கத்தில் கேட்டுவிட்டு. உங்கள் காதுக்கு அப்படித் தோன்றினால், வேண்டாம்.

கே: இசை நிகழ்ச்சிச் சுவரொட்டியிலிருந்து அவருடைய அழகான படத்தைச் சேர்த்தேன், அழித்துவிட்டார்கள்.

அழிப்பார்கள். உயிரோடு இருப்பவரை யாராவது படம் எடுத்துக் கட்டற்ற உரிமத்தில் தரலாம் அல்லவா, அதனால் காப்புரிமைப் படத்துக்கு இடமில்லை. நீங்களே எடுத்தது இருந்தால் பொதுவகத்தில் (விக்கியின் கட்டற்ற படங்கள் இருக்கும் தளம்) ஏற்றுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

கே: யாரைக் காதலிக்கிறார் என்று டெய்லி மெயிலில் வந்திருக்கிறதே?

2017 பிப்ரவரியிலேயே அந்த பிரிட்டிஷ் செய்தித்தாளைப் பொதுவாக நம்பத்தகாதது என்று முடிவு செய்தாகிவிட்டது. வேறு எங்கே வந்திருந்தாலும் வதந்தியைச் சேர்க்காதீர்கள். அந்தச் செய்தியாளர் எங்கிருந்து எடுத்தார்? சரி, இதையும் மேலே சொல்லிவிட்டேன்.

கே: நான் மூன்று முறை மீட்டேன் (அவர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினேன்), அவரும் மூன்று முறை. யார் பக்கம் நியாயம்?

நாலாவது முறை அழுத்துகிறவருக்குத் தடை வரும். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று மீட்புகளுக்கு மேல் கூடாது. அதற்காக மூன்று வரை உரிமை என்று நினைக்காதீர்கள். வாழும் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

கே: மரையா கேரி பிறந்த ஆண்டு 1969ஆ, 1970ஆ?

முதல் கேள்வி.

கே: நான் ஒரு பாடகரின் மேலாளர். கட்டுரையில் அவருடைய குடும்பத்தைப் பற்றித் தவறான தகவல் இருக்கிறது. நானே அழித்துவிடலாமா?

அப்பட்டமான அவதூறும் சான்றே இல்லாத குற்றச்சாட்டும் என்றால் அழித்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மற்றபடி கட்டுரையைத் தொடாதீர்கள். உங்களுக்குச் சம்பளம் தரும் இடத்தைப் பயனர் பக்கத்தில் அறிவியுங்கள். பிறகு பேச்சுப் பக்கத்தில் தொகுத்தல் வேண்டுகோள் வையுங்கள்: எந்த வரி தவறு, சரியானது என்ன, சான்று எது. "எங்கள் கலைஞருக்கு மனவருத்தம்" என்று இரண்டு பத்தி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு வரியும் ஓர் இணைப்பும் இருந்தால் யாராவது எடுத்துச் செய்துவிடுவார்கள். பதிலே வரவில்லை என்றால் வாழும் நபர்கள் பற்றிய அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். பொதுவில் பேச முடியாத விஷயம் என்றால் தன்னார்வலர் குழுவின் மின்னஞ்சல் இருக்கிறது. "எங்களைத் தொடர்புகொள்ள" பக்கத்தில் முகவரி கிடைக்கும்.