நெய்வேலிப் புகையும் மெத்தனாலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் வடலூர். கடலூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். கார்பன் டை ஆக்சைடை வினையூக்கி கொண்டு மெத்தனாலாக்கலாம் என்று வகுப்பில் படித்தோம். நெய்வேலி அனல்மின் நிலையத்தை ஒட்டியே ஓர் ஆலை போட்டால் என்ன என்று கேட்டேன். புகையும் அங்கே, மின்சாரமும் அங்கே. நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

க. செ.

அன்புள்ள க. செ.,

சிரிக்க ஒன்றுமில்லை. செப்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கி, 200 டிகிரிக்கு மேல் சூடு, நல்ல அழுத்தம்: மெத்தனால் வந்துவிடும். ஐஸ்லாந்தில் ஜார்ஜ் ஓலா பெயரிலான ஆலை 2012-லேயே இதைச் செய்யத் தொடங்கியது.

"மின்சாரமும் அங்கே" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ மெத்தனாலுக்குச் சுமார் 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 190 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 யூனிட் ஆகும். 190 கிராமுக்கு 9 யூனிட்டைத் தாண்டும். நெய்வேலியில் எரிக்கும் பழுப்பு நிலக்கரியில் யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போகிறது. 1.4 கிலோவைப் பிடிக்க 9 கிலோவை விடுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஐஸ்லாந்துக்காரர்களுக்குப் பூமிச் சூட்டிலும் அருவியிலும் மின்சாரம் கிடைக்கிறது, அதனால் அங்கே இந்தக் கணக்கு இடிக்கவில்லை.

கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. வினையூக்கி வினையை வேகப்படுத்தும்; ஆற்றலைக் கையிலிருந்து போடாது. (வகுப்பில் வினையூக்கியின் பெயரைக் கேட்கிறார்கள், ஹைட்ரஜன் எங்கிருந்து என்று கேட்பதில்லை.) போதாததற்குப் புகையில் பெரும்பங்கு நைட்ரஜன், கூடவரும் கந்தகம் செப்பு வினையூக்கியைக் கெடுத்துவிடும். நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு வண்டிக்குப் பின்னால் நீங்களும் ஊர்ந்திருப்பீர்கள். அந்தக் கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு இதைவிடப் பலமடங்கு சுத்தம். நான் ஆலை போடுவதென்றால் அந்தப் பக்கம்தான் பார்ப்பேன், அதுவும் சூரிய மின்சாரத்தோடு.

ப்ராஜெக்ட் எடுப்பதாக இருந்தால் மெத்தனாலை விடுங்கள். எபாக்சைடோடு (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூன்றணு வளையம் உள்ள சேர்மம்) கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் வளையக் கார்பனேட் வரும். ஹைட்ரஜனே வேண்டாம், எபாக்சைடின் இறுகிய வளையமே ஆற்றலைத் தருகிறது, கழிவாக எதுவும் பிரிவதில்லை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் இந்த வகையைச் சேர்ந்த எத்திலீன் கார்பனேட் ஒரு முக்கியப் பொருள். ஆய்வகத்தில் எபாக்சைடாக ஸ்டைரீன் ஆக்சைடும், வினையூக்கியாக டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடும் வைத்துத் தொடங்கலாம். எபாக்சைடு நச்சு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும். நெய்வேலிப் புகையை இது தீர்க்காது, உலகத்துக்கு அவ்வளவு கார்பனேட் தேவையில்லை. எபாக்சைடும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. அதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், வைவாவில் கேட்பார்கள்.