செடி - 1, ரூ. 350

ஆடி பிறந்துவிட்டால் நர்சரி வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கையோடு இந்தப் பகுதிக்கும் தபால் குவியும். இந்த முறை பாதிக்கு மேல், ‘ஒரு தடவை நட்டால் போதும், வருஷக்கணக்கில் பறிக்கலாம்’ என்று சொல்லி விற்கப்பட்ட காய், கனி, கீரைச் செடிகளைப் பற்றித்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளை நீக்கிவிட்டேன்.

கே: ‘நாட்டு முருங்கை, இருபது வருஷம் காய்க்கும்’ என்று 120 ரூபாய்க்கு ஒரு கன்று கொடுத்தார்கள். ஆறாம் மாதமே பூத்து எக்கச்சக்கமாகக் காய்த்தது. மூன்று வருஷம் ஆன நிலையில் காய் சிறுத்துவிட்டது, எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. என்ன உரம் வைக்கலாம்? - பல்லடம்

ப: உரம் வைத்து ஆகப்போவது அதிகம் இல்லை. ஆறு மாதத்தில் பூத்தது என்கிறீர்களே, அது செடிமுருங்கை. அநேகமாக பி.கே.எம்-1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989-ல் வெளியான ரகம். விதை போட்டு வளர்ப்பது. ரகத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதை நம்பிப் பிழைக்கிற விவசாயிகள் ஏராளம். ஆனால் அது வயலுக்கான கணக்கு. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துக் காய்க்க விடுவார்கள், மறுதாம்பு என்பது அதுதான். மூன்று வருஷம் போல எடுத்தபின் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைப்பார்கள். உங்களுக்கு விற்றவர் இருபது வருஷம் என்று எங்கிருந்து எடுத்தாரோ!

வீட்டுக்குத் தேவை மரமுருங்கை. அது போத்தில், அதாவது வெட்டி நடும் கிளைத்துண்டில் வருவது. உங்கள் மாவட்டத்து மூலனூர் முருங்கைக்கே தனிப் பெயர் உண்டு. நன்றாகக் காய்க்கிற மரமாகப் பார்த்து, கைப்பிடிக்கு அடங்கும் பருமனில் மூன்றடிப் போத்து ஒன்று கேட்டு வாங்கி நடுங்கள். முருங்கைப் போத்துக்குக் காசு வாங்குகிற பக்கத்து வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. இருக்கிற செடியைப் பிடுங்க வேண்டாம். மூன்றடி விட்டு வெட்டிவிடுங்கள், துளிர்த்துக் கீரைக்காவது ஆகும்.

கே: ஒட்டுக் கத்தரி நாற்று, இரண்டு வருஷம் காய்க்கும் என்று விலை கூடக் கொடுத்து வாங்கினேன். செடி ஆள் உயரம் வளர்ந்து, முள்ளோடு, கொத்துக் கொத்தாகக் குட்டிக் காய் காய்க்கிறது. இது எந்த ஊர்க் கத்தரி சார்? - தஞ்சாவூர்

ப: அது சுண்டைக்காய்.

சார், உங்களை யாரும் ஏமாற்றவில்லை. சுண்டைச் செடியின் வேரில்தான் கத்தரியை ஒட்டுகிறார்கள். வேரழுகல், வாடல் நோய்களைச் சுண்டை வேர் தாங்கும், அதனால்தான் செடிக்கு ஆயுள் கூடுகிறது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் சுண்டை. அதை வாராவாரம் கிள்ள வேண்டும். நீங்கள் கிள்ளவில்லை, சுண்டை ஓங்கிக் கத்தரியை அமுக்கிவிட்டது. ஒட்டு இருக்கும் இடம் மண்ணுக்குள் புதைய நட்டிருந்தாலும் இதே கதிதான். நாற்றோடு ஒரு துண்டுச் சீட்டு வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தீர்களா என்று மட்டும் எழுதவில்லை. காயைப் பறித்து மோரில் ஊறவைத்து வற்றல் போடுங்கள். வற்றல் கிலோ என்ன விலை என்று கடையில் விசாரித்தால் மனசு ஆறும்.

கே: நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை ஆன்லைனில் 99 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? - மதுரை

ப: அப்படி ஒரு பழமே கிடையாது.

கே: சென்னை மொட்டைமாடியில் ஆப்பிள்? ‘வெயில் தாங்கும் ரகம்’ என்கிறார்கள். - குரோம்பேட்டை

ப: வேண்டாம். அந்தக் காசில் லக்னோ-49 கொய்யாப் பதியன் இரண்டு வாங்குங்கள்.

கே: பழுபாகல் கிழங்கு, ‘ஆணும் பெண்ணும் கலந்து’ என்று ஆன்லைன் விளம்பரம். ஐந்து கிழங்கு 600 ரூபாய். பிரித்தபோதே படம் எடுத்து வைத்தேன். ஐந்தும் முளைத்தன, ஐந்திலும் ஆண் பூ மட்டுமே. விற்றவர் ‘உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை’ என்கிறார். வீட்டுக்காரர் 600 ரூபாய்க்கு இவ்வளவு அமர்க்களமா என்று சிரிக்கிறார். - கும்பகோணம்

ப: அவர் சிரிக்கட்டும் அம்மா. நீங்கள் செய்ததெல்லாம் சரி. படம் எடுத்தீர்கள், விளம்பரத்தையும் சேமித்தீர்கள், பூக்கும்வரை பொறுத்தீர்கள். இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூட இப்படி இருப்பதில்லை.

பழுபாகலில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கிழங்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் யோக்கியமாக விற்கிறவர், போன பருவத்தில் பூவைப் பார்த்துக் கொடிக்கு அடையாளம் கட்டி வைத்து, அப்புறம்தான் கிழங்கைத் தோண்டுவார். பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி போதும். ஐந்தும் ஆணாக வந்திருக்கிறதென்றால் ஒன்று, அவர் பார்க்கவே இல்லை. அல்லது, பார்த்துப் பெண்ணையெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டார்.

‘உயிருள்ள பொருள்’ என்ற சாக்கு செடி பட்டுப்போனால் ஓரளவு செல்லும். ‘கலந்து’ என்று எழுதிவிட்டுக் கலக்காமல் அனுப்பியதற்குச் செல்லாது. விளைச்சல் தராத விதை பற்றிய வழக்கில், விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எதிர்த்து நின்றது தேசிய விதைக் கழகம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தப் பதில் என்றால் உங்கள் கிழங்கு வியாபாரி எம்மாத்திரம்?

முதலில் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷ அவகாசம் உண்டு.

கொடியை வெட்டிவிடாதீர்கள். பெண் கிழங்கு ஒன்று கிடைத்தால் அடுத்த பருவத்தில் இந்த ஆண் கொடி தேவைப்படும்.

கே: கோவைக்காய் விதை போட்டேன். கொடி வேலியெல்லாம் படர்ந்துவிட்டது. ஒரு காய் இல்லை. - சிவகாசி

ப: அங்கேயும் இதே கதைதான், ஆண் கொடி. விதை போட்டால் பாதி இப்படி வரும், காய்ப்பதும் கசக்கலாம். கோவைக்கு விதை வாங்கவே கூடாது. காய்க்கிற கொடியில் பென்சில் பருமனுக்கு நாலு கணு உள்ள தண்டு வெட்டி நட்டால் போதும்.

கே: கறிவேப்பிலை விதை பாக்கெட் மூன்று வாங்கியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. - ஓசூர்

ப: முளைக்காது. பழுத்துப் பறித்த சில வாரங்களுக்குள் விதைத்தால்தான் அதற்கு உயிர். கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் இருப்பது வெறும் கொட்டை. (என் மேஜை டிராயரிலும் அப்படி ஒரு பாக்கெட் கிடக்கிறது, அதனால் உங்களைத் திட்டவில்லை.) பெரிய மரத்தைச் சுற்றி வேரில் கிளைத்த கன்றைப் பெயர்த்து வாங்குங்கள். எந்த விதைப் பாக்கெட்டானாலும் பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன், காலாவதி மூன்றையும் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

கே: கண்காட்சியில் இரண்டு மாங்காய் தொங்கிக்கொண்டிருந்த இமாம்பசந்த் கன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். நட்ட வாரமே காய் உதிர்ந்தது. இரண்டு வருஷமாக ஓரடிகூட வளரவில்லை. கேட்டால் உங்கள் மண் சரியில்லை என்கிறார்கள். - திண்டிவனம்

ப: இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது.

காய் தொங்குகிற கன்றை ஏன் விற்கிறார்கள்? நாம் காயைப் பார்த்து வாங்குகிறோம், அதனால். ஒட்டுக்குச்சியை ஏற்கெனவே காய்த்த மரத்திலிருந்து எடுப்பதால், ஒட்டுக்கன்று முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். தோட்டக்காரர் முதல் மூன்று வருஷப் பூவைக் கிள்ளிப் போடுவார், கன்று தேறட்டும் என்று. வியாபாரி கிள்ள மாட்டார், அவருக்கு விலையைக் கூட்டுவதே அந்தக் காய்தான். வேரும் தண்டும் வளரப் போயிருக்க வேண்டிய சத்தெல்லாம் அந்த இரண்டு மாங்காயில் போயிற்று. நீங்கள் 1,500 கொடுத்து வாங்கியது இளைத்த கன்றை.

அடுத்தது வேர். சின்ன கறுப்புக் கவரில் இரண்டு மூன்று வருஷம் கிடந்த கன்றுக்கு வேர் உள்ளேயே சுருண்டு சுருண்டு வடமாகிவிடும். குழியில் வைத்த பிறகும் அது அதே வட்டத்தில்தான் சுற்றும். உங்கள் கன்று நின்றுபோனதற்கு மண்ணைவிட இதையே சந்தேகிக்கிறேன். ஓரமாகத் தோண்டிப் பாருங்கள். வாங்கும்போதே கவரைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒட்டு இருக்கிறதா என்பதும் கேள்விதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால் ஒட்டு என்று நம்பிவிடுகிறோம். நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்கள். மென்தண்டு ஒட்டு (கன்றின் இளந்தண்டைப் பிளந்து, ஆப்பாகச் சீவிய குச்சியைச் செருகுவது) என்றால் ஆப்பு இறங்கிய தழும்பு தெரியும், மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் நிறத்தில் வேறுபடும். வழவழவென்று ஒரே பட்டையாக இருந்தால் அது கொட்டை போட்டு முளைத்த கன்று, நாடா வெறும் அலங்காரம். எங்கள் வீட்டில் ஒன்று நிற்கிறது. இமாம்பசந்த் என்றுதான் வாங்கினேன். நாடாவும் இருந்தது. காய்த்தபோது நார், புளிப்பு. ஊறுகாய்க்கு ஆகிறது. யாரிடம் போய்க் கேட்பது? என்னிடம் இருக்கும் பில்லில் ‘செடி - 1, ரூ. 350’ என்று எழுதியிருக்கிறது.

என் தீராத ஆத்திரம் இந்த ஒரு வரிமேல்தான். பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன போட்டார்கள், எப்போது செய்தார்கள் என்று அச்சடித்திருக்கிறது. நாற்பது வருஷம் நிற்கப்போகிற மரத்துக்கு ‘செடி’. கத்தரி என்றால் மூன்று மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். மாமரம் பொய் சொன்னது தெரிய நாலைந்து வருஷம் ஆகும், அதற்குள் கடை வேறு பெயரில் வேறு தெருவில் இருக்கும். ஆகவே பில்லில் ‘மா, இமாம்பசந்த், மென்தண்டு ஒட்டு’ என்று எழுதி வாங்குங்கள். எலுமிச்சை என்றால் விதைக்கன்றா ஒட்டா, கொய்யா என்றால் பதியனா, சப்போட்டா என்றால் வேர்ச்செடியாகப் பாலா மரக் கன்றை வைத்து ஒட்டியதா என்று எழுதட்டும். எழுதமாட்டேன் என்கிறவருக்கே தான் விற்பது என்னவென்று தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். அரசு தோட்டக்கலைப் பண்ணையில் விலையும் குறைவு, ரகத்தின் பெயரைச் சொல்லி ரசீதும் தருவார்கள். அங்கே மாங்காய் தொங்காது, அவ்வளவுதான்.

உங்கள் 1,500-க்கு: கண்காட்சி ரசீதில் ரகம் எழுதியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். இல்லாவிட்டால் என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை, வருத்தம்தான்.

கே: தவசிக்கீரைக் குச்சி பத்து வாங்கினேன். ‘மல்டி வைட்டமின் கீரை, தினமும் வெறும் வயிற்றில் பச்சையாக அரைத்துக் குடித்தால் உடல் இளைக்கும்’ என்று ஒரு சீட்டும் தந்தார்கள். குடிக்கலாமா? - நாகர்கோவில்

ப: குடிக்கவே குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் இதே ஆசை காட்டி, இதே கீரையைப் பச்சைச் சாறாகக் குடிக்க வைத்தார்கள். பலருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபட்டு, திரும்பச் சரியாகாத மூச்சுத்திணறல் வந்தது. செடியின்மேல் குற்றமில்லை. வேலியோரம் நட்டுவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், எப்போதாவது வேகவைத்துக் கூட்டோ பொரியலோ செய்து சாப்பிடலாம். சாயா என்கிற மரக்கீரைக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். அதில் பச்சையாக இருக்கும்போது சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, நன்றாக வேகவைக்காமல் வாயில் வைக்கக் கூடாது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இது பொய் விளம்பரம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பத் தக்கது.

கே: அதலைக்காய்க் கிழங்கு நாலு, 200 ரூபாய்க்கு அருப்புக்கோட்டைக்காரர் ஒருவரிடம் வாங்கித் தொட்டியில் வைத்தேன். மார்கழி வரை காய்த்தது. மாசியில் கொடி மொத்தமும் கருகிவிட்டது. ‘வருஷா வருஷம் வரும்’ என்று சொல்லி ஏமாற்றிவிட்டார். அவருக்கு நான் அனுப்பிய வாட்ஸப் செய்தியை இணைத்துள்ளேன். பணத்தைத் திரும்பப் பெற வழி? - சென்னை

ப: படித்தேன். ஒரு மனிதரைப் பார்த்து இவ்வளவு வார்த்தையா?

கொடி கருகுவதுதான் அதன் வழக்கம். கரிசலில் மழை கண்டதும் கிழங்கிலிருந்து துளிர்க்கும், காய்க்கும், பனி முடிந்து வெயில் ஏறினால் மேலே காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அடுத்த ஐப்பசி மழைக்குத் தானாக எழும். ‘வருஷா வருஷம் வரும்’ என்று அவர் சொன்னது உண்மை, வருஷம் முழுக்க என்று சொல்லவில்லை. இப்போது தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும், ஊற்றாதீர்கள். அவருக்கு இன்னொரு வாட்ஸப் அனுப்பி மன்னிப்புக் கேளுங்கள், தொட்டியைக் கொட்டிவிட்டிருந்தால் இன்னும் நாலு கிழங்கும் சேர்த்துக் கேளுங்கள். இந்த முறை 200-க்கு மேல் சொன்னாலும் பேரம் பேசக் கூடாது.