மீட்டர் அக்கா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கரண்ட், கேஸ் கம்பெனி மாறினோம், கடைசி பில் தலையைச் சுற்ற வைக்கிறது. லண்டனில் 14 வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவள் நான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நான் சொல்லும் விதிகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு.

கேள்வி: அக்கா, மார்ச் 3-ஆம் தேதி கரண்ட் கம்பெனி மாறினோம். அன்று மீட்டரில் 47,660. பழைய கம்பெனியின் ஆப்பில் அதைப் பதிவும் செய்தேன். ஆனால் கடைசி பில்லில் 48,210 என்று போட்டு, பக்கத்தில் 'எஸ்டிமேட்' என்று இருக்கிறது. 550 யூனிட் அதிகம்! பழையவர்கள் புதியவர்களிடம் கேட்கச் சொல்கிறார்கள், புதியவர்கள் பழையவர்களிடம் போகச் சொல்கிறார்கள். கட்டித் தொலை என்கிறார் கணவர். பழைய விலை யூனிட்டுக்கு 27 பென்ஸ், புதியது 24. கட்டலாமா?
— ஹாரோ வாசகி

கட்டுவதற்கு முன் புதுக் கம்பெனியின் முதல் பில்லை எடுத்து, அது எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். அதிலும் 48,210 என்றே இருந்தால் மூச்சு விடலாம். பழைய இடத்தில் கூடுதலாகக் கட்டும் 550 யூனிட் புது இடத்தில் கழிந்துவிடும். மீட்டர் 48,210-ஐத் தாண்டும் வரை அவர்கள் உங்களிடம் ஒரு யூனிட்டுக்கும் காசு கேட்க முடியாது. உங்கள் நஷ்டம் விலை வித்தியாசம் மட்டும்தான்: 550 யூனிட்டுக்கு 3 பென்ஸ் வீதம் 16 பவுண்டு 50 பென்ஸ். அதற்காக எத்தனை மணி நேரம் போனில் காத்திருப்பது என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

புது பில் 47,660-இல் தொடங்கியிருந்தால் கதையே வேறு. அதே 550 யூனிட்டுக்கு இரண்டு பேரும் காசு வாங்குகிறார்கள். புது விலையில் கணக்குப் போட்டாலே 132 பவுண்டு. அதை விடாதீர்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடைசி ரீடிங்கைப் பழைய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முக்கியமாகக் கொடுக்க வேண்டியது புதுக் கம்பெனிக்கு. சப்ளை கைமாறும் தேதியை ஒட்டி, வழக்கமாக ஐந்து நாள் முன்பின் இருக்கலாம், அவர்கள் ரீடிங் கேட்பார்கள். நீங்கள் கொடுக்கும் எண் சரிபார்க்கப்பட்டு, அதுவே பழைய கம்பெனிக்குக் கடைசி எண்ணாகவும் புதிய கம்பெனிக்கு முதல் எண்ணாகவும் போகிறது. கேட்டபோது கொடுக்காமல் விட்டால் பழைய உபயோகத்தை வைத்து ஓர் உத்தேச எண் போட்டுவிடுவார்கள். உங்கள் 48,210 அப்படி வந்ததாகத்தான் தெரிகிறது. கைமாறும் தேதி என்றால் நீங்கள் விண்ணப்பித்த தேதி அல்ல, அதையும் கவனியுங்கள். 2022 ஜூலையிலிருந்து மாற்றம் ஐந்து வேலை நாளில் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு.

சரி, எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால்? மார்ச் 3 எடுத்த போட்டோ இருந்தால் அதோடு புதுக் கம்பெனிக்கு எழுதுங்கள். பழையவர்களோடு பேசி ஒரே எண்ணுக்கு வர வேண்டியது அவர்கள் பொறுப்பு. கடிதத்தில் "இது என் கம்ப்ளைன்ட்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். வெறும் விசாரிப்பாக எழுதினால் நாள் எண்ணும் கணக்கே தொடங்காது. எட்டு வாரத்தில் தீராவிட்டால், இப்படிப்பட்ட புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். உங்களுக்குச் செலவில்லை. நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

போட்டோவில் மீட்டரின் சீரியல் நம்பரும் விழ வேண்டும். ஃப்ளாட்களில் கீழ்த்தளத்து அலமாரியில் பன்னிரண்டு மீட்டர்கள் வரிசையாக நிற்கும். அவரவர் மீட்டர் எது என்று அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு மீட்டரைத் தன்னுடையது என்று நினைத்து வருஷக்கணக்காக ரீடிங் அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்களைச் சொல்வானேன், நானே தப்பு செய்திருக்கிறேன். சின்னச் சின்ன முள் வட்டங்கள் உள்ள பழைய மீட்டர்களில் ஒரு வட்டம் இடமாகச் சுற்றும், அடுத்தது வலமாகச் சுற்றும். முள் இரண்டு எண்ணுக்கு நடுவே நின்றால் சின்ன எண்ணை எடுக்க வேண்டும், 9-க்கும் 0-க்கும் நடுவே என்றால் 9. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆயிரம் வட்டத்தில் 6-ஐ 7 என்று எழுதிவிட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் மாதாமாதம் நாட்காட்டியில் ரீடிங் குறித்து வைக்கிற ஆள். அடுத்த முறை போனபோது நாட்காட்டியை அப்படியே என் முன்னால் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கேள்வி: கம்பெனி மாறியதிலிருந்து கேஸ் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே வீடு, அதே பாய்லர். மீட்டர் 110 யூனிட்தான் ஓடியிருக்கிறது. பில்லில் 3,490 கிலோவாட் அவர் என்கிறார்கள். பாய்லரை மாற்ற வேண்டுமா?
— க்ராய்டன் வாசகர்

பாய்லரைத் தொடாதீர்கள், அது பாவம். உங்கள் மீட்டரை அடி மீட்டர் என்று புதுக் கம்பெனி பதிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கேஸ் மீட்டரில் இரண்டு ஜாதி. பழையது நூறு கன அடிகளை ஒரு யூனிட்டாக எண்ணும், பெரும்பாலும் நான்கு இலக்கம். புதியது கன மீட்டரில் எண்ணும், புள்ளிக்கு முன் ஐந்து இலக்கம். நூறு கன அடி 2.83 கன மீட்டர். அதனால் கன மீட்டர் யூனிட் ஒன்று சுமார் 11 கிலோவாட் அவர் என்றால், அடி யூனிட் ஒன்று சுமார் 32. உங்கள் பில்லின் 3,490-ஐ 110 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 32 வருகிறது. மீட்டரின் முகத்தில் எம் எழுத்தும் மேலே சின்ன 3-ம் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் எரித்தது சுமார் 1,230 மட்டுமே. பில்லில் கணக்கு விவரித்திருக்கும் இடத்தில் 2.83 என்ற பெருக்கல் இருக்கும், அதைச் சுற்றி வட்டமிட்டு, மீட்டர் போட்டோவோடு அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் மீட்டர்தானே இருக்கிறது, ரீடிங் எதற்கு?
— ஈஸ்ட்ஹாம் வாசகர்

முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்களில் சில, கம்பெனி மாறியதும் ரீடிங்கைத் தானாக அனுப்பாமல் ஊமையாகிவிடும். ஊமையான நாள் எது என்று யாருக்கும் தெரியாது. ரீடிங்கை எடுத்து வையுங்கள். சமையலறையில் வைத்திருக்கும் குட்டித் திரையில் தெரிகிற பவுண்டு கணக்கை அல்ல, மீட்டரில் இருக்கும் எண்ணை.

கேள்வி: பழைய கம்பெனியிடம் 210 பவுண்டு கிரெடிட் இருக்கிறது. அவர்கள் பிடிப்பதற்கு முன் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டேன். சரிதானே?
— லெஸ்டர் வாசகி

அவசரப்பட்டுவிட்டீர்கள். பல கம்பெனிகள் கிரெடிட்டை அந்த டைரக்ட் டெபிட் கணக்குக்கே திருப்பி அனுப்பும். இப்போது வங்கி விவரத்தை அவர்களிடம் நீங்களே உறுதிப்படுத்துங்கள். மாறிய ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வர வேண்டும், பில் வந்து பத்து வேலை நாளில் கிரெடிட் வர வேண்டும். தவறினால் 40 பவுண்டு இழப்பீடு. 2025 வரை 30-ஆக இருந்தது. கேட்காமலே தர வேண்டிய பணம் இது. ஆனாலும் கேளுங்கள்.

கேள்வி: நான் மாறி ஒன்றரை வருஷம் கழித்து, பழைய கம்பெனி "உங்கள் கடைசி பில் திருத்தப்பட்டது" என்று 640 பவுண்டு கேட்கிறது. இடையில் ஒரு கடிதம்கூட வரவில்லை.
— மில்டன் கீன்ஸ் வாசகர்

முழுக் காசையும் கட்ட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. 12 மாதத்துக்கு மேல் பழைய உபயோகத்துக்கு, முன்பு பில் அனுப்பாமல் விட்டது அவர்கள் தவறென்றால், இப்போது காசு கேட்கக் கூடாது என்று கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் 2018-இலிருந்து விதித்திருக்கிறது. நீங்கள் மாறியே 18 மாதம் ஆகிறது, எனவே அங்கே எரித்த ஒவ்வொரு யூனிட்டும் 12 மாதத்துக்கு முந்தியது. விலக்கு இரண்டு: முன்பே பில் வந்து நீங்கள் கட்டாமல் விட்ட கடன் என்றால் கேட்கலாம், மீட்டரைப் பார்க்கவே நீங்கள் தடுத்திருந்தாலும் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால், "பேக் பில்லிங் விதிப்படி இதை ரத்து செய்யுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போனில் வேண்டாம், எழுத்தில்.