ஆலிம் ஒருவர், உலமா பலர்: வாசகர் கேள்விகள்

காரைக்குடிச் சுவர்களில் மீலாது விழாச் சுவரொட்டி ஏறிவிட்டால், எனக்குக் கடிதம் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பெரும்பாலும் ஒரே சொல்லைச் சுற்றித்தான்.

'உலமாக்கள் பங்கேற்கிறார்கள்' என்று நோட்டீஸ் அடித்தேன். 'உலமாவே பன்மை, கள் எதற்கு?' என்று ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். யார் சரி? (அச்சகக்காரர், காரைக்குடி)

அரபு இலக்கணப்படி அவர்தான் சரி. இல்ம் என்றால் அறிவு, அதை, குறிப்பாக மார்க்க அறிவை, உடையவர் ஆலிம், பலரானால் உலமா. குர்ஆனின் 35ஆம் அத்தியாயம் 28ஆம் வசனத்தில், இறைவனின் அடியார்களில் அவனை அஞ்சுவோர் அறிந்தவர்களே என்று சொல்லும் இடத்தில் வருவது இந்த 'உலமா'தான்.

ஆனால் நீங்கள் நோட்டீஸைத் தமிழில் அல்லவா அடித்தீர்கள்! 'மா' என்று முடிகிற சொல்லில் தமிழ்க் காதுக்குப் பன்மை கேட்காது. 'அவர்' என்பதும் பிறப்பில் பன்மைதான். மரியாதைக்காக ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு பன்மையை ஒட்டிக்கொண்டோம். உங்கள் நண்பர் அதையும் திருப்பி அனுப்புவாரா? தமிழக அரசின் வாரியத்துக்கே 'உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம்' என்றுதான் பெயர். தைரியமாக ஒட்டுங்கள். ஒருவர் மட்டும் பேச வந்தால் 'உலமா பேசுகிறார்' வேண்டாம், 'ஆலிம்' என்று போடுங்கள்.

மலேசியாவில் பல வருஷம் இருந்தேன். அங்கே ஒருவரையே 'உலமா' என்கிறார்களே? (தேவகோட்டை)

மலாய் மொழியில் அது ஒருமையாகவே நிலைத்துவிட்டது. 'ஆலிம்' என்றால் அங்கே பக்திமான் என்ற பொருளும் உண்டு. கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன இடத்தில் சொல்லும் கொஞ்சம் உடை மாற்றிக்கொள்கிறது. நாமும் அதைத்தான் செய்தோம். 'நவாப்', நாயிப் (பிரதிநிதி) என்பதன் பன்மையிலிருந்து வந்தது. ஆனால் ஆற்காட்டு நவாப் ஒருவர்தான். அவுலியா, 'வலி' (இறைநேசர்) என்ற அரபுச் சொல்லின் பன்மை. நிஜாமுதீன் அவுலியாவும் ஒருவரே. உங்களைக் கப்பலில் அக்கரை சேர்த்த மாலுமிகூட 'இல்ம்' குடும்பத்துப் பிள்ளை: கற்பிப்பவர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்த சொல் அது.

பள்ளிவாசலில் இருப்பவர்கள் எல்லோரும் உலமாவா? (வாசகி, கோட்டையூர்)

இல்லை ஆச்சி. பாங்கு சொல்பவர் மோதினார். தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம். இவர் பெரும்பாலும் ஆலிமாக இருப்பார். நிர்வாகம் பார்ப்பவர் முத்தவல்லி, அவர் கடைக்காரராகவும் இருக்கலாம். குர்ஆனின் 114 அத்தியாயங்களையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் ஹாஃபிழ்; மார்க்கச் சட்டமும் குர்ஆன் விளக்கமும் முறையாகப் படித்தால்தான் அவர் ஆலிமும் ஆவார். ஹாஜி, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், அவ்வளவுதான்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தப் பிரிவெல்லாம் கிடையாது. எனக்குக் காய்ச்சல் கண்டால் இடுப்பில் தூக்கிக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு, மகரிபு என்னும் அந்தித் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் நின்றுவிடுவார். வெளியே வருகிற ஒவ்வொருவரும் செம்புக்குள் ஊதிவிட்டுப் போவார்கள். ஓதித் தந்தவர் யாரானாலும் அப்பத்தாவுக்கு 'லெப்பை'. தப்பென்று சொல்லமாட்டேன்; ஓதிக் கொடுக்கும் பெரியவரை லெப்பை என்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பெயரிலேயே இரண்டு சொல்லும் சேர்ந்து நிற்கின்றன. 'ஓதுதல்' மட்டும் எல்லோருக்கும் பொது. திருமுறை பாடுபவர் ஓதுவார். குர்ஆன் படித்தவரை 'ஓதினவர்' என்பார்கள்.

'ஹஜ்ரத்' என்பது பட்டமா? (திருப்பத்தூர்)

பட்டமல்ல, மரியாதை விளி. நேர்ப்பொருள் 'முன்னிலை'. குன்றக்குடி ஆதீனத்தை 'மகா சந்நிதானம்' என்கிறோமே, சந்நிதானத்துக்கும் முன்னிலை என்றுதான் பொருள். பெரியவரைப் பெயர் சொல்லாமல் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கும்பிடுவதில் இரண்டு மரபுக்கும் ஒரே கூச்சம்.

பெயருக்குப் பின்னால் பாகவி, உமரி என்று வருவது குடும்பப் பெயரா? (அழைப்பிதழ் எழுதுபவர், புதுவயல்)

படித்த கல்லூரி. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி முடித்தவர் பாகவி, உமராபாத்தில் முடித்தவர் உமரி, நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் என்றால் மிஸ்பாஹி. முன்னால் 'மௌலவி' போடுவது வழக்கம். அழைப்பிதழில் இவற்றை விட்டுவிட்டால் எம்.ஏ.வை விட்டது மாதிரி; மனஸ்தாபம் வரும்.

ஆலிம் பெண்ணாக இருந்தால்?

ஆலிமா. அவர்களுக்கென அரபுக் கல்லூரிகளும் இங்கே உண்டு.

தாத்தா பெட்டியில் கிடந்த பழைய தாளில் 'சம்சுல் உலமா' என்று ஒரு பட்டம் இருக்கிறது. உலமாக்கள் சங்கமா அது? (காரைக்குடி)

சங்கமில்லை. 'உலமாக்களின் சூரியன்' என்று பொருள். விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்படுத்திய பட்டம். அரபு, பாரசீகப் புலமைக்குத் தந்தார்கள். அதே ஆண்டில் அதற்கு இணையாக வந்ததுதான் மகாமகோபாத்தியாயர். நம் மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசன் செட்டியாருக்கு 1942இல் கிடைத்தது அது. தாளில் உள்ளதைப் படியெடுத்து எழுதினால் 'சம்சுல் உலமாக்கள்' என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அது முழுக்க அரபுத் தொடர். அங்கே 'கள்'ளுக்கு இடமில்லை.