குற்றாலத்தில் தடை போட்டால் தென்காசியில் என்ன செய்வது?

கேள்வி: ஜூலை மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் தென்காசி வருகிறோம். இரண்டு நாள் தங்கல். எழுபது வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். அருவியில் குளிக்கத் தடை என்றால் பயணமே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. தடை வருகிறது என்றாலே சீசன் களைகட்டியிருக்கிறது என்றுதான் பொருள். பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும். வரத்து குறைந்ததும் விட்டுவிடுவார்கள். ஊரில் வெயில் அடிக்கிறதே என்று வாதம் செய்யாதீர்கள். மலைமேல் பெய்யும் மழைதான் கணக்கு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள்.

ஆகவே, குளியலுக்கு நேரம் குறிக்காதீர்கள். மற்றவற்றைத் திட்டமிட்டு, அருவி திறந்ததும் ஓடுங்கள். பேரருவியில் விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் குளிக்கலாம், கூட்டமும் குறைவு. அம்மாவை நடு அருவியில் நிறுத்த வேண்டாம். ஓரத்தில் தெறிக்கும் தண்ணீரே போதும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அருவியில் தடை. கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பார்த்துக்கொள்ளும்!

முதல் நாள் காலை காசி விசுவநாதர் கோயில். ஒன்பது நிலை ராஜகோபுர வாசலில் சாரல் காற்று ஆளைத் தள்ளும், பிள்ளைகள் விடமாட்டார்கள். அப்புறம் குற்றாலத்தில் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவர் முழுக்க ஓவியம். பேரருவிக்கு வந்தவர்களில் பலர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை. அம்மாவுக்கு அதுவே பிடிக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாம் நாள் ஒரு கார் பிடித்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளப் பக்கம் போங்கள். குற்றாலத்தில் தடை என்று பாலருவிக்கு ஓடுவது பலரும் செய்வது. பக்கத்து மலை, அதே மழை, பெரும்பாலும் அங்கேயும் கதவு சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும் ஆரியங்காவில் இறங்கி வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். இந்தப் பயணத்தின் சுகம் சாலையில்தான். புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது கீழே வயல்வெளி விரியும். மலையைக் கடந்து கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் ரயில் பாலம் சாலையோரமாகவே நிற்கிறது. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பியது. நேரம் இருந்தால் தென்மலை அணை வரை போகலாம்.

திரும்பும்போது செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை மலைக்குப் போய்விட்டது, கடைகளும் பெயரும் இங்கேயே தங்கிவிட்டன.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களை மாலையில் பார்த்துவிடலாம், ஆனால் ஜூலை கடைசி, ஆகஸ்டில்தான் பூ நன்றாக இருக்கும். ரம்புட்டான், மங்குஸ்தானை ஒரே கடையில் வாங்காமல் நாலு கடை விசாரியுங்கள்.

தேதி இன்னும் உறுதியாகவில்லை என்றால் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வார நாள் என்றால் அறை வாடகையும் குறையும், அருவியில் நிற்க இடமும் கிடைக்கும்.